பீச்சாங்கையால் கொடுத்த வெற்றிலை

விமானப் பணியாளர் நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற வகுப்பு ஒன்று மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கிறது. நடத்துகிற பெண், நான் விமானக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெறும் சமயத்தில் அங்கே புதிதாகச் சேர்ந்தவள். போன மாதம் போன் செய்தாள்.

“அங்கிள், அந்த ரெண்டு விரல் கதைய நீங்களே எழுதிக் குடுங்க லா. நாங்க சொன்னா பிள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க.”

ரெண்டு விரல் கதை எங்கள் கம்பெனியில் பழையவர்களுக்கெல்லாம் தெரியும். பயணிக்கு இடது கையால் ஒன்றைக் கொடுக்க நேர்ந்தால், வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். பயிற்சியில் சொல்லித் தருகிற பாடம் அது. அதைக் கண்டுபிடித்தவன் முனியாண்டி என்பார்கள். முனியாண்டி நான்தான். வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்கிற கதை பாதியிலிருந்து தொடங்குகிறது. முன்பாதி மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. எழுதச் சொன்னதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. “இனிமே எல்லா வேலைக்கும் நம்ம ஆளுங்களத்தான் எடுப்பான்” என்ற பேச்சு காப்பிக் கடை தோறும் இருந்தது. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்துவிட்டு ஒரு ரப்பர் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். டவுனுக்கு வந்து ரோட்டு வேலையில் சேர்ந்தார். குளித்தாலும் அவர் மேல் தார் வாடை போகாது. அம்மா வீட்டில் மசாலை அரைத்து விற்றார். தங்கச்சி சரசு தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் படித்தாள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது அவளை நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. அது சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை, சரசு உட்பட.

நாங்கள் குடியிருந்த பலகை வீடு தேவி அக்காவுடையது. தேவி அக்கா மலாக்கா செட்டி வம்சம். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, வாய் நிறைய மலாய் பேசுவார். தமிழில் சாமி பெயர்களும் சில சாமான் பெயர்களும்தான் தெரியும். அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. அவருடைய வீட்டில் விசேஷங்களுக்கென்று வைத்திருந்த நாற்காலிகள் இந்தக் கதைக்கு முக்கியம்.

விமானக் கம்பெனி ஸ்டுவர்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு மனு போட்டேன். சிங்கப்பூருக்கு வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக் கித்தான் சப்பாத்துக்கு வெள்ளை பூசி, கிடங்கில் கணக்கெழுதும் கிராணியிடம் கழுத்துப்பட்டை இரவல் வாங்கி, பஸ் ஏறினேன். உயரம் பார்த்தார்கள். நகத்தைப் பார்த்தார்கள். ஆங்கிலப் பத்திரிகையை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அடுத்த அறையில் நாற்காலிகளை இரட்டை இரட்டையாக, நடுவில் வழிவிட்டு, இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் பயணிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த கோப்பைகளை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்து, “போ, பரிமாறு” என்றார் தலைமை ஸ்டுவர்ட்.

அவர்தான் மிஸ்டர் மொந்தேரோ. மலாக்கா உஜோங் பாசிர்க்காரர், போர்த்துக்கீசிய வம்சத்து மீனவக் குடும்பம். கப்பல்களில் பரிமாறிப் பழகி விமானத்துக்கு வந்தவர். தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. கோப்பையின் பிடி பயணியின் வலக்கைப் பக்கம் இல்லையென்றால் குனிந்து ஒரு விரலால் அதைத் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு விரல் திருப்பம் கன்னத்தில் விழுந்த மாதிரி இருக்கும்.

நான் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பரிமாறினேன். முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். என் இடப் பக்கத்து ஓர நாற்காலியில் இருந்த தட்டெழுத்துக்காரப் பெண் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி ஜன்னல் பக்கத்து ஆளுக்கு வலது கையை நீட்டியிருந்தேன். என் முழங்கை அவள் மூக்கை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

மிஸ்டர் மொந்தேரோ என்னை வாசல் வரை கூட்டி வந்தார்.

“வலப் பக்கத்துக்கு வலது கை. இடப் பக்கத்துக்கு இடது கை. விமானத்தில் வேறு வழி இல்லை, மேன். நீ ஒரு கையைத்தான் கொண்டு வந்திருக்கிறாய்.”

“சார், எங்களில் இடது கையால்...”

“தெரியும். என் அம்மாவும் அடிப்பாள்.” கதவைத் திறந்துவிட்டார். “மூன்று மாதம் கழித்து மறுபடி ஆள் எடுப்போம். இன்னொரு கையோடு வா.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சிரிக்கவே சிரித்துவிட்டார். “பீச்சாங்கையால சோறு போடுற வேலைக்கா இவ்வளவு படிச்ச?”

சரசு சிரிக்கவில்லை. “அந்தக் கைய நான் பழக்கி விடறேண்ணே,” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தேவி அக்காவிடம் நாற்காலிகளையும் மூங்கில் தட்டையும் வாங்கி வந்தாள். எங்கள் கூடம் நீளமானது, அகலம் இல்லாதது. இரண்டு பக்கமும் இரட்டை இரட்டையாக நாற்காலிகளைப் போட்டால் நடுவில் ஒரு ஆள் போகிற வழிதான் மிஞ்சும். விமானம் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். நானும் அதுவரை உள்ளே ஏறிப் பார்த்ததில்லை. என் வலது கையைத் தன் பழைய தாவணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். இடப் பக்கம் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அவளுக்கென்று ஆகிவிட்டது.

ஒரு நாள் தோட்டத்துத் துரைசானியாக வருவாள். மூக்கால் பேசுவாள். “பாய்! ஆரஞ்சு தண்ணி கொண்டா. ஐஸ் எங்க? என்னா பாய் நீ, தூங்குறியா?” இன்னொரு நாள் பல்லெல்லாம் தங்கம் கட்டிய சீன முதலாளி தவுக்கேயாக வந்து, குடித்த தண்ணீரைக் குறை சொல்வாள். கைக்குழந்தைக்காரியாகித் தலையணையை என் கையில் திணித்துவிட்டு, “கொஞ்சம் புடி, வாந்தி எடுக்குது” என்பாள். நான் சரியாகக் கொடுத்தால், “தேங்க் யூ, பாய்” என்று தலையைச் சாய்த்து வாங்கிக்கொள்வாள். தப்பாகக் கொடுத்தால் வாங்கவே மாட்டாள். கை அந்தரத்தில் நிற்கும்.

ஒரு முறை தேவி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “தாங்ஙான் கீரி? தா எலோக் லா!” என்றார். இடது கையா, அழகில்லையே என்று அர்த்தம். அம்மாவுக்கும் அதே கவலை. கடைசியில் அம்மாவே ஒரு சட்டம் போட்டார். நாற்காலி வரிசையாகக் கிடக்கும்போது எந்தக் கையால் வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளலாம். நாற்காலி எடுத்தபின் அந்தக் கை மடியில் கிடக்க வேண்டும். அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நாளாக ஆக, தாவணிக் கட்டு தேவைப்படவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றால் கைகள் தாமாகவே பங்கு போட்டுக்கொள்ளும். நான் யோசிக்க வேண்டியதே இல்லை.

இதற்கு நடுவில் சரசுவுக்கு வரன் வந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற பையன், பெயர் செல்வம். வெள்ளிக்கிழமைகளில் பொய்யாத விநாயகர் கோயிலில் அவளைப் பார்த்திருக்கிறான். அவளும் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

“ஆளு எப்படி?” என்று கேட்டேன்.

“வெரல்ல எப்பவும் மை இருக்கும்ணே. விபூதி வாங்குறப்பகூட கழுவ மாட்டாரு,” என்றாள். குறை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். முகம் அப்படி இல்லை.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என்னுடைய இரண்டாவது நேர்முகத் தேர்வு அந்த வாரத்திலேயே இருந்தது. செல்வத்துக்கு அப்பா இல்லை. எல்லாம் தாய்மாமன்தான். செங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கிற தண்டலாக இருந்தவர். ஆட்களை மேய்த்துப் பழகிய குரல், பெரிய மீசை. அவர் பேசினால் செல்வத்தின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பார்.

வருகிறவர்களை உட்கார வைக்கத் தேவி அக்கா நாற்காலிகளைக் கொடுத்தனுப்பினார். அப்பாவும் நானும் போட்டோம். நீளமான கூடம், இரண்டு பக்கமும் இரட்டை வரிசை, நடுவில் வழி. வேறு எப்படியும் போட இடம் இல்லை.

ஆண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே சரசுவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும். பெண்ணின் அண்ணன் கொடுப்பதுதான் முறை. அப்பா என்னிடம் தட்டைத் தந்தார். தேவி அக்காவின் அதே மூங்கில் தட்டு. வெற்றிலையைச் சின்னச் சின்னக் கட்டாக அடுக்கி, மேலே பாக்கும் சந்தன வில்லையும் வைத்திருந்தது.

முதலில் வலப் பக்கம் கொடுத்தேன். தலையைக் குனிந்து, “எடுத்துக்கிடுங்க மாமா” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அப்பா பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நடையே மாறியிருந்தது என்று பின்னால் அம்மா சொன்னார். பிறகு இடப் பக்கம் திரும்பினேன். தட்டு வலது கைக்குப் போனது. ஓரத்தில் இருந்த பெரியவரின் முகத்தை உரசாமல், ஒரு வெற்றிலைகூட நழுவாமல், ஜன்னலோர நாற்காலியில் இருந்த தண்டல்கார மாமாவின் முன்னே என் இடது கை வெற்றிலையை நீட்டிக்கொண்டு நின்றது.

இவ்வளவு நன்றாக நான் அதுவரை செய்ததே இல்லை. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடியில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு நாற்காலியாக அடங்கியது.

“எந்தக் கைடா அது?” என்றார்.

நான் படக்கென்று கையை இழுத்தேன். வெற்றிலை கீழே சிதறியது. அது இன்னும் கெட்டதாகப் போயிற்று.

“மன்னிச்சிருங்க மாமா, பழக்கத்துல...”

“பழக்கத்துலயா? பீச்சாங்கையால தாம்பூலம் குடுக்குறதா ஒங்க வீட்டுப் பழக்கம்?”

அப்பா ஓடி வந்தார். “அய்யா, புள்ள தெரியாம... அவன் வேலைக்குப் பழகுறான்யா. ஏரோப்ளேன் வேலை. அங்க அப்படித்தான் குடுக்கணுமாம்.”

“யாருக்கு?”

“வெள்ளக்காரங்களுக்கு.”

“வெள்ளக்காரனுக்குக் குடுக்குற கையால எனக்கும் குடுக்குறானா? படிச்ச திமிரு! இல்ல, தோட்டத்தான்தானே, எந்தக் கையில குடுத்தா என்னான்னு நெனப்பா?”

நான் காலில் விழுந்தேன். அப்பா விழச் சொல்லவில்லை, நானாகவே விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். “எந்திரிடா. ஆரம்பத்துலயே பீச்சாங்கை. இந்தச் சம்பந்தம் வேணாம்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். செல்வத்தின் அம்மா உள்ளேயிருந்து வந்து, “அண்ணே, சின்னப் பையன், விடுங்கண்ணே” என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அவர் வாசலைத் தாண்டிவிட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். செல்வம் கடைசியாக எழுந்தான். சிதறிக் கிடந்த வெற்றிலையை மிதிக்காமல் தாண்டி நடந்தான். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பார்த்தது உள்ளறைக் கதவை. மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிற ஆள் இல்லை அவன்.

அம்மா அழுதார். அப்பா குனிந்து வெற்றிலையைப் பொறுக்கினார். தட்டை வாங்கிப் போக வந்த தேவி அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். தேர்வுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கிடங்கில் குறி எழுதினால் போதும். மத்தியானம் கழிந்து கூடத்துக்கு வந்தபோது, திருப்பிக் கொடுப்பதற்காக மூலையில் அடுக்கி வைத்த நாற்காலிகளைச் சரசு மறுபடி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் பூ அப்படியே இருந்தது. பட்டுச் சேலையை மட்டும் மாற்றியிருந்தாள்.

“என்னா செய்ற?”

“வாண்ணே. இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு.”

“நான் போகல, சரசு.”

அவள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். காலையில் அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அதுதான்.

“இந்தக் கையாலதான் எனக்கு நின்னு போச்சு. இதுக்கு வேலையும் கெடைக்கலன்னா நான் எதுக்கு இத்தன நாளு இங்க ஒக்காந்தேன்?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “தண்ணி கொண்டா.”

கொண்டு வந்தேன். இடது கையால் நீட்டினேன். கோப்பை சரிந்து தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. “மறுபடி,” என்றாள். மறுபடி கொண்டு வந்தேன். அன்று அவள் துரைசானியாகவும் வரவில்லை, தவுக்கேயாகவும் வரவில்லை. சரியாகக் கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள். தேங்க் யூ சொல்லவில்லை.

சிங்கப்பூரில் இந்த முறை அந்த இடப் பக்கத்து ஜன்னலோர நாற்காலியில் மிஸ்டர் மொந்தேரோவே உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்ததை வாங்கினார். கோப்பையின் பிடியைப் பார்த்தார். திருப்ப வேண்டியிருக்கவில்லை.

“எங்கே பழகினாய்?”

“வீட்டில், சார். என் தங்கை பயணியாக உட்கார்ந்தாள்.”

“நல்ல பயணி. நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்.”

வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னதைச் சரசுவிடம் சொன்னேன்.

“கல்யாணம் நின்னதச் சொன்னியா?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு,” என்று மசாலைக் கல்லுக்குப் போய்விட்டாள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. டக்கோட்டா விமானம் மேகத்துக்குள் குதிக்கும்போது எப்படி நிற்பது, வாந்திப் பையை மற்றவர்கள் பார்க்காமல் எப்படி எடுத்துப் போவது, தூங்குகிறவரை எழுப்பாமல் போர்வையை எப்படி இழுத்துவிடுவது என்று எல்லாம் சொல்லித் தந்தார்கள். கம்பெனியில் என்னை ஆண்டி என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். “கை நெறைய சம்பளம் குடுத்து ஆண்டின்னா கூப்புடுறான்?” என்று அவர் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி வருவதுதான் எல்லோரும் சொல்கிற கதை.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். கோத்தா பாரு போகிற விமானம். மிஸ்டர் மொந்தேரோ எங்கள் வேலையைப் பார்வையிடக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடப் பக்கம் ஜன்னலோரம் ஒரு வயதான ஹாஜியார். வெள்ளைத் தொப்பி, மடியில் ஒரு பிரம்புக் கூடை. முதல் தடவை விமானம் ஏறியவர் என்று பார்த்தாலே தெரிந்தது. விதிப்படி இடது கையால் தேநீர் நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபப்படவில்லை. கோப்பையோடு என் கை அந்தரத்தில் நின்றது.

எனக்கு அந்த விமானம் மறந்துபோய்விட்டது. காலடியில் வெற்றிலை சிதறிக் கிடப்பதைப் போல இருந்தது. வலது கையில் தட்டு, மாற்ற வழியில்லை. அவருக்கு வலது கையை நீட்டினால் ஓரத்துப் பயணியின் முகத்தில் முழங்கை படும். என்ன நினைத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தட்டின் விளிம்பை இருக்கையின் கைப்பிடியில் ஊன்றி, இடுப்பால் அணைத்துக்கொண்டேன். விடுபட்ட வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் வைத்தேன். பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது நாம் இரண்டு கையாலும் கொடுப்போம் இல்லையா, அதில் பாதி. தலையைக் குனிந்து, “சிலாக்கான், பாக் ஹாஜி” என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

அவர் திரும்பினார். விரல்களைப் பார்த்தார். முகம் தெளிந்தது. “தெரிமா காசே, நாக்” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். நாக் என்றால் மகனே என்று அர்த்தம்.

பயணிகள் இறங்கிய பிறகு மிஸ்டர் மொந்தேரோ என்னைக் கூப்பிட்டார். தட்டை ஊன்றியதற்குத் திட்டு விழும் என்று நின்றேன். அவர் சமையலிடத்திலிருந்து ஒரு காலிக் கோப்பையை எடுத்தார். இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். விரலைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்து மறுபடி செய்து பார்த்தார்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்லை, சார்.”

“இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது, மேன்?”

அவர் சிரித்தார், என் தோளில் தட்டினார், போய்விட்டார். அடுத்து வந்த பயிற்சி வகுப்பில் அது பாடமாகிவிட்டது. “ஆண்டியின் ரெண்டு விரல்” என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

கதை இதோடு முடியும். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

கோத்தா பாரு போன அன்று இரவு விடுதி அறையில் நான் கண்ணாடி முன் நின்று வெற்றிலை கொடுப்பதைப் போல அதைச் செய்து பார்த்தேன். இடது கையை நீட்டி, வலது விரல் இரண்டை வைத்து, “எடுத்துக்கிடுங்க மாமா” என்று சொல்லிப் பார்த்தேன். வெற்றிலைத் தட்டு லேசானது. நாற்காலியின் முதுகில் ஊன்றியிருக்கலாம். மீசைக்காரர் முணுமுணுத்திருப்பாரோ என்னவோ, வாங்கிக்கொண்டிருப்பார். தட்டு மாறியிருக்கும். சரசு மை படிந்த அந்த விரல்களைக் குறை சொல்லிக்கொண்டே குடும்பம் நடத்தியிருப்பாள். ஒரு கையைப் பழக்குவதற்கு மூன்று மாதம் செலவழித்தோம். அந்தக் கையோடு இன்னொரு கையைச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

செல்வத்துக்கு அடுத்த தையிலேயே வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. சரசுவுக்கு அதன்பிறகு வரன் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. “எந்த வீடு? ஓ, அந்தப் பீச்சாங்கை வீடா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பியது. மலாக்கா சின்ன ஊர். பிறகு அவளே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள். அதே கூடத்தில் தையல் எந்திரம் போட்டாள். காஜா பேராங்கில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை அவள் கையால் தைத்தது. அம்மா படுக்கையில் விழுந்தபோதும் அப்பா போனபோதும் நான் ஏதாவது ஓர் ஊரின் மேலே பறந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தது அவள். என்னை அவள் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. தைத்துக்கொண்டே கேலி பேசுவாள். “அண்ணே, இன்னைக்கு எத்தன பேரு மூக்க ஒடச்ச?” என்பாள்.

கம்பெனியில் இலவசப் பயணம் உண்டு. அப்பா அம்மாவுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு. தங்கச்சிக்கு அதில் இடமில்லை. டிக்கெட் எடுத்துத் தருகிறேன், ஒரு தடவை வந்து பார் என்று வருடா வருடம் கேட்டேன். “தையல் கெடக்குதுண்ணே.” “தீபாவளி கழியட்டும்.” “நான்தான் தெனமும் பறந்தேனே, மறந்துட்டியா?” இப்படி ஏதாவது சொல்வாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் பணி செய்த விமானம் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போனது. அதற்கு வருவதாக அவளே சொன்னாள். இடப் பக்கம் ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கினேன். தலை நரைத்திருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, வாத்தியாரம்மா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆரஞ்சுச் சாறு கொண்டுபோனேன். தள்ளுவண்டி வந்துவிட்ட காலம். வலது கையில் தட்டு இல்லை. இடது கையால் நீட்டி, வலது விரல்கள் இரண்டை மணிக்கட்டில் வைத்து, தலையைக் குனிந்தேன்.

அவள் வாங்கவில்லை. என் விரல்களைப் பார்த்தாள்.

“இது என்னாண்ணே?”

“மரியாதைக்கு.”

“எப்பக் கத்துக்கிட்ட?”

“அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம். ரெண்டு வருசம் கழிச்சி.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே வெறும் வெள்ளை. பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு அது வேணாம்,” என்றாள் சரசு. “நான் பழக்கின மாதிரி குடு.”

வலது கையை எடுத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இத்தனை பேருக்குக் கொடுத்த கை, தனியாக அவள் முன்னால் நீண்டபோது நடுங்கியது. அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தாள். அது நின்றதும் கையை நீட்டி வாங்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

“தேங்க் யூ, பாய்,” என்றாள், மூக்கால்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வலப் பக்கத்துப் பயணி தனக்கு வேண்டியதைக் கேட்டுக் கை நீட்டிக் காத்திருந்தார். நான் வலது கையை நீட்ட வேண்டும். அது சட்டென்று வரவில்லை. இடது கை இன்னும் அவள் பக்கமே நீண்டிருந்தது.